சாவியைத் திருப்பியதும் கேட்கும் சத்தம்

வடசென்னையில் தண்டையார்பேட்டையைக் கடந்து காலடிப்பேட்டைக்கு முன்னால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அமைந்திருக்கும் டோல்கேட், 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோ பாதையின் ஒரு நிலையமாகவும் இன்று அறியப்படுகிறது. ஆயினும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள், மணலியிலிருந்து வரும் டேங்கர்கள், காசிமேட்டிலிருந்து புறப்படும் மீன் வண்டிகள், இவற்றுக்கிடையே நுழைந்து செல்லும் பழைய புல்லட்டுகள் ஆகியவையே அவ்வட்டாரத்தின் அன்றாடமாக இருந்து வருகின்றன. இவ்வண்டிகளில் ஒரு பகுதி இதே கடற்கரையோரத்தில் பிறந்தவை. 1948இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தருவதற்காகத் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் சேர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அதன் தாய் ஆலை எண்ணூரில் இருக்கிறது. அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டாக உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் 350 சி.சி. புல்லட்டைப் பூட்டித் தரத் தொடங்கியது.

எஞ்சின் செய்த ஊரிலேயே அந்த எஞ்சின்கள் முதுமையும் அடைவதால், காலையில் வண்டியை எடுக்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்லும் திறமை இப்பகுதிப் பட்டறைகளில் தலைமுறைகளாகப் புழங்கி வருகிறது. அத்திறமையின் அடிப்படை எளிமையானது: சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைவிட, அது எப்போது தொடங்கி எப்போது அடங்குகிறது என்பதே நோயை அடையாளம் காட்டுகிறது. சாவியைத் திருப்பி எஞ்சின் பற்றுவதற்கு முன்பே எழும் சத்தம், பற்றிய முதல் மூன்று நான்கு நொடிகளில் கேட்டு மறையும் சத்தம், எஞ்சின் சூடேறும் ஐந்து நிமிடங்களுக்குள் மெல்ல அடங்கும் சத்தம், சூடேறிய பின்னும் போகாத சத்தம் ஆகியவற்றின் காரணங்களும் செலவுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. வண்டிக்காரர் பட்டறைக்குச் சென்று, 'சத்தம் வருகிறது' என்று சொல்வதற்குப் பதிலாக இந்த நேரக் கணக்கைச் சொல்ல முடிந்தால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

வெளிநாட்டுக் கையேடுகள் இத்தகைய சத்தங்களுக்கெல்லாம் முதல் காரணமாகக் குளிரைக் குறிப்பிடுகின்றன. பனி விழும் நாடுகளில் எஞ்சின் ஆயில் கூழாகிவிடுவதால் அது உண்மைதான். ஆனால் ஜனவரி விடியற்காலையிலும் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னையில் அந்த விளக்கம் அதிக தூரம் செல்லாது. வடசென்னை வண்டிகளைக் கெடுப்பவை வேறு: கடற்காற்றின் உப்பு, வண்டி நாள்கணக்கில் நின்றுவிடுதல், துறைமுக வாயிலுக்கு முன் நீளும் கன்டெய்னர் வரிசையில் எஞ்சினை அணைத்து அணைத்து மீண்டும் எடுக்க வேண்டியிருத்தல் ஆகிய மூன்றும் குளிரின் வேலையை இங்கே செய்கின்றன. நெடுந்தூரம் ஓடும் லாரி நாளுக்குச் சில முறையே ஸ்டார்ட் ஆகிறது. வரிசையில் நகரும் டிரெய்லரோ சில மீட்டருக்கு ஒரு முறை ஸ்டார்ட் ஆகிறது. ஆகவே இங்கு முதலில் தேய்வது பெரும்பாலும் செல்ஃப் மோட்டாராகவே இருக்கிறது.

செல்ஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த மின்மோட்டாரின் முனையில் ஒரு சிறு பல்சக்கரம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் சொலினாய்டு என்னும் மின்காந்தச் சுவிட்ச் அதை முன்னே தள்ளி, ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தின் விளிம்பில் பொருத்தப்பட்ட பல்வளையத்தோடு கோத்து, எஞ்சினைச் சுழற்றுகிறது. சாவியைத் திருப்பும்போது 'டக்' என்று ஒரே ஓசை கேட்டு எதுவும் சுழலாவிட்டால், அல்லது 'டக்டக்டக்' என்று விரைந்து அடித்தால், செல்ஃபைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியையும் அதன் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுழலும் வேளையில் அது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது என்று பொருள். வோல்ட் சரியாக இருந்தும் சுழலவில்லையெனில், சேஸிஸிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் கேபிளின் முனையைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. கடற்கரையோர வண்டிகளில் அந்த முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்புக் களிம்பைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கியதும் பல 'செத்துப்போன' செல்ஃப்கள் உயிர்பெற்றுவிடுகின்றன. இதைச் செய்யாமல் நேரே புது செல்ஃப் வாங்கச் சொல்லும் பட்டறையைப் பற்றிச் சற்று யோசிப்பதே நலம்.

'கர்ர்ர்' என்று இரும்பை இரும்பு அரைக்கும் ஓசை வருமானால் பற்கள் சரியாகக் கோக்கவில்லை. இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. எஞ்சினை அணைக்கும்போது அது எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்பதில்லை. ஏதேனும் ஒரு சிலிண்டரில் காற்று அழுந்தும் நிலை எதிர்த்து நிற்பதால், நான்கு சிலிண்டர் எஞ்சினின் ஃப்ளைவீல் ஏறக்குறைய இரண்டு இடங்களிலும் ஆறு சிலிண்டர் எஞ்சினுடையது மூன்று இடங்களிலும்தான் மாறி மாறி நிற்கும். எனவே செல்ஃபின் பல் ஆண்டுக்கணக்கில் வளையத்தின் அந்த இரண்டு மூன்று இடங்களையே தாக்கித் தேய்க்கிறது. சில நாள் நல்லபடி எடுக்கும் வண்டி சில நாள் அரைப்பதற்கும், கியரில் போட்டுச் சற்றுத் தள்ளிவிட்டால் அடுத்த முறை ஒழுங்காக எடுப்பதற்கும் இதுவே காரணம். இந்நிலையில் முழு ஃப்ளைவீலையும் மாற்ற வேண்டியதில்லை; பல லாரிகளில் கியர்பெட்டியை இறக்கி, பல்வளையத்தை மட்டும் சூடாக்கி எடுத்து, திருப்பியோ புதிதாகவோ சூடோடு ஏற்றி, ஆறும்போது அது தானாக இறுகிக்கொள்ளும்படி செய்கிறார்கள். லேத் பட்டறைகள் நிறைந்த வட்டாரத்தில் இது அரிய வேலையன்று. எஞ்சின் சுழலாமல் செல்ஃப் மட்டும் 'விய்ங்' என்று ஓடினால், பட்டறைகளில் பெண்டிக்ஸ் என்று சொல்லப்படும் முன்தள்ளும் பல் அமைப்பு வழுக்குகிறது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

எஞ்சின் பற்றிக்கொண்ட பின் எழும் சத்தங்களுக்கு வந்தால், முதலில் பேச வேண்டியது ஆயில். ஓடும் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அழுத்தத்தோடு செலுத்தப்படும் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் தண்டு மிதக்கிறது. எஞ்சினை அணைத்ததும் அழுத்தம் நின்று, ஆயில் மெல்ல வடிந்து அடியிலுள்ள ஆயில் சேம்பரில் சேர்கிறது. மறுநாள் எடுக்கும்போது பம்ப் அதை மீண்டும் உறிஞ்சி மேலே கொண்டுசேர்க்கும் வரை, ஓரிரு நொடிகள் எல்லாப் பாகங்களும் எஞ்சிய பிசுக்கின் தயவில் ஓடுகின்றன. எஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பங்கு இந்த நொடிகளில் நிகழ்கிறது. பற்றியதும் மூன்று நொடி 'கடகட' என்று ஆடிப் பின் சட்டென்று அமைதியாகும் கார் பெரும்பாலும் சொல்வது, ஆயில் வரத் தாமதமாகிறது என்பதைத்தான்.

அத்தாமதத்துக்கு மிக மலிவான காரணம் ஆயில் ஃபில்டர். படுக்கைவாக்கிலோ தலைகீழாகவோ பொருத்தப்படும் ஃபில்டர்களுக்குள் ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு உண்டு. விலை குறைந்த போலி ஃபில்டர்களில் அந்த ரப்பர் சில மாதங்களிலேயே விறைத்துப்போய் வேலை செய்வதில்லை. நம்பகமான ஃபில்டரும், கையேட்டில் சொன்ன தடிமனுள்ள ஆயிலும் மாற்றி ஒரு வாரம் பார்த்த பிறகே மற்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் சத்தம் தொடர்ந்தால், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் அடுத்த குற்றவாளி. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைக் கிராங்க்கோடு இணைக்கும் சங்கிலியே டைமிங் செயின். பல கார்களில் அதன் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவதால், அழுத்தம் வரும்வரை சங்கிலி தளர்ந்து உறையில் மோதுகிறது. மூன்று நொடியில் நிற்கும்வரை அவகாசம் உண்டு. பத்து நொடியாக நீண்டால் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் சங்கிலி ஒரு பல் தாண்டிவிட்டால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ஆயில் வடிந்த எஞ்சினை எப்படி எழுப்ப வேண்டும் என்பதற்கு வடசென்னையிலேயே ஆண்டுதோறும் ஒரு பெரிய பாடம் நடக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நடைமுறையில் இருப்பதால், காசிமேட்டு விசைப்படகுகளின் டீசல் எஞ்சின்கள் இரண்டு மாதம் ஓய்ந்து கிடக்கின்றன. மராமத்து வேலைகளும் அப்போதுதான் நடக்கின்றன. அவ்வளவு நாள் நின்ற எஞ்சினைச் சட்டென்று பற்றவைத்தால் பேரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசும். முறையான வழி, முதலில் ஆயில் அளவைப் பார்த்து, டீசலை நிறுத்தும் லீவரை இழுத்துப் பிடித்தபடி, எஞ்சின் பற்றாமல் செல்ஃபை மட்டும் பத்து நொடி ஓட்டி, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, மீண்டும் ஓட்டி, ஆயில் அழுத்தம் ஏறுவது தெரிந்த பின்னரே லீவரை விடுவதாகும். மாதக்கணக்கில் நின்ற பழைய லாரிக்கும் வேனுக்கும் இதே முறை பொருந்தும். பெட்ரோல் வண்டியில் காயிலுக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டு இதைச் செய்யலாம். செல்ஃபைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் ஓட்டினால் அதன் சுருள் கருகிவிடும் என்பதால் இடைவெளி அவசியம்.

மேலிருந்து வரும் 'டிக் டிக்' ஓசையை எல்லோரும் டாப்பெட் சத்தம் என்றே அழைக்கிறார்கள். பெரும்பாலும் அது சரியே. வால்வின் தண்டுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் இடையே, சூட்டில் இரும்பு நீள்வதற்கு இடம் தரும்பொருட்டு, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் சில பங்குகள் வரை இடைவெளி விடப்படுகிறது. தேய்மானத்தால் அது அதிகரித்தால் ஓசை எழும். வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டில் இதைச் சரிசெய்யும் முறை தனி அழகுடையது: எஞ்சின் முழுவதும் ஆறிய நிலையில், அழுத்த வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, சிலிண்டரின் அடிப்பக்கத்திலுள்ள சிறு மூடியின் ஒற்றை நட்டைக் கழற்றினால், உள்ளே, வால்வுகளை இயக்கும் தள்ளுதண்டுகளான இரண்டு புஷ்ராடுகளின் அடிமுனைகள் தெரியும். மெல்லிய ஸ்பேனர்களால் அங்குள்ள நட்டுகளைத் தளர்த்தி, புஷ்ராடை இரு விரலால் பிடித்துச் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. சூடு அதிகம் தாக்கும் எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு மட்டும் மிக நுண்ணிய ஆட்டம் விடப்படுகிறது. ஃபீலர் கேஜ் என்னும் அளவுத்தகடு இவ்வேலைக்குத் தேவைப்படுவதில்லை, விரலே அளவுகோல். சத்தமே கூடாது என்று இறுக்கச் சொல்லும் வாடிக்கையாளர்தான் இங்கே ஆபத்தானவர். இறுக்கிய வால்வு முழுமையாக மூடாமல், எரியும் வாயு அதன் விளிம்பில் கசிந்து வால்வைக் கருக்கிவிடும். இலேசாகத் தட்டும் டாப்பெட் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும்.

டாப்பெட் சத்தம் என்று நினைத்து வால்வு மூடியைத் திறக்கும் முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும். சிலிண்டர்களிலிருந்து புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் இந்த வார்ப்பிரும்புப் பாகத்தின் பேக்கிங் பழுதானாலும், உப்புக்காற்றில் துருவேறிய ஸ்டட் ஒன்று முறிந்தாலும், அதே 'டிக் டிக்' கேட்கும். சூடேறி இரும்பு விரிந்ததும் இடைவெளி அடைபட்டுச் சத்தம் மறையும். கசிந்த இடத்தில் கரி படிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். இதை அலட்சியப்படுத்தலாகாது என்பதற்குக் காரணம் சத்தமன்று, கேபினுக்குள் நுழையக்கூடிய கார்பன் மோனாக்சைடு.

சூடேறச் சூடேற அடங்கும் இன்னொரு ஓசை மந்தமான 'டொக் டொக்'. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும் உலோகமாதலால், குளிர்ந்த நிலையில் அலுமினியப் பிஸ்டன் சிலிண்டருக்குள் சற்றுத் தளர்வாக இருந்து சுவரில் அறைகிறது. ஐந்து நிமிடத்தில் விரிந்து இடத்தை நிரப்பிக்கொள்கிறது. ஆயில் எரியாமலும் நீலப்புகை வராமலும் இருந்தால் இதை விட்டுவிடலாம். புகையும் சேர்ந்தால், போர் போடுவது எனப்படும் சிலிண்டர் கடைசல் செய்து, 0.25 அல்லது 0.5 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் ஏற்ற வேண்டும். டீசல் எஞ்சினின் காலைநேரக் கடகடப்பு இதிலிருந்து வேறுபட்டது. டீசலுக்குத் தீப்பொறி இல்லை; அழுந்திச் சூடான காற்றில்தான் அது தானாகப் பற்ற வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கையில் பற்றுவதற்குத் தாமதமாகி, அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் முழுவதும் ஒரே நேரத்தில் வெடிப்பதே அந்த ஓசை. சில நிமிடங்களில் தணிந்தால் அது டீசலின் இயல்பு. வெள்ளைப்புகையோடு நீடித்தால், டீசலைத் தெளிக்கும் முனையான நாசில் சொட்டுவது, தவறிய பம்ப் டைமிங், குறைந்த கம்ப்ரஷன் என்ற மூன்றில் ஒன்று. மழைநாளில் 'கீச்' என்று கத்தும் ஃபேன் பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓடும் பெல்ட்டின் மேல் சற்றுத் தள்ளி நின்று தண்ணீர் தெளித்தால் சத்தம் கூடுமானால் இறுக்கம் போதாது, மறைந்துபோனால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை.

எஞ்சியிருப்பது, சூடேறியும் போகாத, அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த இடி. கிராங்க்கோடு கனெக்டிங் ராடு சேரும் பேரிங் தேய்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரை ஏற்றி விடும் தருணத்தில் 'தடதட' என்று கேட்கும். கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் என்றால் பாரம் ஏறும்போது ஆழ்ந்து ஒலிக்கும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் உடலின் வெவ்வேறு இடங்களில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கும் பழைய முறை இன்றும் பயன் தருகிறது. எந்தச் சிலிண்டர் என்று அறிய, பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்காக நிறுத்தியும், பழைய டீசல் எஞ்சினில் நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தியும் பார்ப்பர். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது இடி குறைகிறதோ அதில்தான் கோளாறு. காமன் ரயில் எனப்படும் புதிய வகை டீசல் எஞ்சின்களில் இவ்வாறு நட்டைத் தளர்த்தவே கூடாது. ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இந்த இடி கேட்ட வண்டியை மேலும் ஓட்டாமல் இழுத்துச் செல்ல வேண்டும். உடனே நிறுத்தினால் கிராங்க்கை அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, பட்டறைப் பேச்சில் 'பத்து தௌ', கடைந்து புது பேரிங் போட்டு மீட்கலாம். ஓட்டிக்கொண்டே போனால் ராடு முறிந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

வெள்ளத்துக்குப் பின் எழக்கூடிய ஓர் ஓசைக்கு மட்டும் எந்தப் பட்டியலிலும் இடமில்லை, ஏனெனில் அதைக் கேட்கவே விடக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நீரில் நின்ற வண்டிகளைப் போல, ஏர் ஃபில்டர் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய வண்டியின் சாவியைத் திருப்பினால், அழுத்த முடியாத தண்ணீரின் மேல் பிஸ்டன் மோதி, 'டொக்' என்ற ஒரே ஓசையோடு கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கையோ நாசிலையோ கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பின்னரே செல்ஃபைத் தொட வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் இவற்றையெல்லாம் தலைகீழாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். விற்பவர்களில் சிலர் கெட்டியான ஆயிலையோ, சத்தத்தை அடக்கும் கூழ்ச் சேர்மானங்களையோ ஊற்றி, வாங்குபவர் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைக்கிறார்கள். கெட்டி ஆயில் தேய்ந்த பேரிங்கின் இடியைச் சில வாரங்களுக்கு மறைக்குமே தவிர, காலையில் மேலே ஏறத் தாமதித்துத் தேய்மானத்தைக் கூட்டவே செய்யும். ஆகவே வண்டியைக் காலையில் முதல் ஆளாகச் சென்று பார்க்க வேண்டும். பானட்டின் மேல் கை வைக்கையில் சூடு தெரிந்தால், அன்று விலை பேசாமல் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவதே நல்லது.